கேட்டதில் பாதித் தண்ணீர்

கோடை வெள்ளாமையான சிறுபோகத்தின் ஆரம்பக் கூட்டத்துக்கு நான் முதன்முதலாகப் போன அன்று, விதைப்புத் தேதிக்கு யார் யார் சம்மதம் என்று மேடையில் கேட்டதும் எனக்குப் பக்கத்தில் இருந்த என் கணவர் சட்டென்று கையைத் தூக்கினார். வயல் என்னுடையது. உம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது. எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைகளின் பெயரில்தான் இருக்கும். விவசாய அமைப்பில் பதிந்திருப்பதும் என் பெயர்தான். ஆனால் கூட்டத்துக்குப் போய்த் தூங்கி விழுவதும், இடையில் விழித்துக் கையைத் தூக்குவதும் ஆம்பிளைகளின் வேலை என்று எப்போதோ யாரோ முடிவு செய்துவிட்டார்கள். நான் அவருடைய கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"என்ன தேதிக்கிக் கையத் தூக்கிறீங்க எண்டு தெரியுமா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் தூக்கினாங்க," என்றார்.

அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அந்த மண்டபத்தில் இருந்த முக்கால்வாசிப் பேரிடம் கேட்டாலும் இதே பதில்தான் வந்திருக்கும். கூட்டம் சிங்களத்தில் நடந்தது. தமிழாக்கம் செய்ய ஒரு உத்தியோகத்தர் இருந்தார். பத்து நிமிடப் பேச்சை அவர் "தண்ணிய வீணாக்க வேணாம் எண்டு சொல்றாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். என்னைக் கூட்டிப் போனதே அதனால்தான். நான் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற அடுத்த மாதமே எங்கள் விவசாய அமைப்பின் தலைவர் வீட்டுக்கு வந்துவிட்டார். அண்ணன் முறைக்கு நான் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"டீச்சர், அங்க என்ன கதைக்காங்க எண்டே எங்களுக்கு வெளங்குதில்ல. நீங்க வந்து நம்மட வட்டைக்காக ரெண்டு வார்த்த கதைச்சா பெரிய ஒதவி," என்றார்.

வட்டை என்பது ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்கிற வயல்களின் கூட்டம். எங்கள் வட்டை கடைசி வட்டை. தண்ணீர் மேற்கே மலையடியில் இருக்கும் பெரிய குளத்திலிருந்து புறப்பட்டு, சிங்களக் குடியேற்றங்களைத் தாண்டி, தமிழ்க் கிராமங்களைத் தாண்டி, எங்கள் ஆட்களின் மேல் வட்டைகளையும் தாண்டி, எல்லாரும் குடித்து முடித்த பிறகு எங்களிடம் வரும். எங்களுக்கு அப்பால் கடல்நீர் ஏறி நிற்கும் களப்பு. களப்புக்கு அப்பால் கடல். எங்களுக்குப் பிந்திய ஆள் கடல்தான். அதற்கு வெள்ளாமை இல்லாதபடியால் அது கூட்டத்துக்கு ஆள் அனுப்புவதில்லை.

அந்த வருஷம் மழைக்காலப் பெரும்போகத்தில் வெள்ளம் வந்து எங்கள் வட்டை முழுக்கத் தாழ்ந்துபோயிருந்தது. விதைநெல்லுக்குக்கூட மிஞ்சவில்லை. ஆகவே சிறுபோகத்தில் விளைவதுதான் எங்கள் வீட்டின் ஒரு வருஷச் சோறு. இதை நான் மனதில் வைத்துக்கொண்டுதான் காக்காவின் அழைப்புக்கு ஓம் என்றேன்.

கூட்டம் நடந்தது நோன்பு தொடங்கிய கிழமை. வேனில் நாங்கள் ஒன்பது பேர், எல்லாரும் நோன்பு. பாதி வழியில் காக்கா முன் ஆசனத்திலிருந்து திரும்பினார்.

"டீச்சர், மறக்காம ஒரு விசயம். தண்ணி மூடுற தேதியத் தள்ளிப் போடச் செல்லிக் கேப்பாங்க எல்லா வட்டைக்காரரும். நாம ஒரு மாசம் கேக்கணும்."

"ஒரு மாசம் வேணுமா காக்கா?"

"எங்களுக்கு ரெண்டு கிழமதான் வேணும்."

"அப்ப என்னத்துக்கு ஒரு மாசம்?"

"இஞ்சினியர் எப்பவும் கேட்டதுல பாதியத்தான் தருவாரு. ஒரு மாசம் கேட்டா ரெண்டு கிழம வரும்."

வேனுக்குள் எல்லாரும் தலையாட்டினார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நோன்போட என்னப் பொய் செல்லவா கூட்டிப் போறீங்க?" என்றேன்.

"இது பொய் இல்ல டீச்சர், இது கணக்கு," என்றார் காக்கா, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

மண்டபத்தில் போய் இருந்த பிறகுதான் அந்தக் கணக்கின் முழு லட்சணமும் எனக்குத் தெரிந்தது. நான் அதுவரைக்கும் தண்ணீருக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார் என்று நினைத்திருந்தேன். மேடையில் பார்த்தால் ஒரு கலியாணப் பந்திக்குக் காணும் அளவு ஆட்கள். குளம் ஒரு அரசாங்கக் கந்தோருக்கு. குளத்துத் தண்ணீரில் எடுக்கிற மின்சாரம் இன்னொரு கந்தோருக்கு. குடிதண்ணீர் எடுப்பது வேறொரு சபை. சின்னக் குளங்கள் மாகாணத்துக்கு, பெரிய குளம் மத்திய அரசாங்கத்துக்கு. வாய்க்காலின் மேற்பாதி அரசாங்கத்துக்கு, கீழ்ப்பாதி எங்கள் அமைப்புக்கு; அதாவது உடைந்தால் எங்களுக்கு. வயல் ஒரு திணைக்களம், பசளை ஒரு திணைக்களம், காப்புறுதி ஒரு சபை, குளக்கரை யானை வேறொரு திணைக்களம். களப்புக்கும் கடற்கரைக்கும் தனித்தனி ஆட்கள். இத்தனை பேரும் வருஷத்தில் இரண்டு முறை ஒரு மேசையில் இருந்து, குளத்தில் இருக்கிற தண்ணீரைக் கடதாசியில் பங்கிட்டு முடிக்க வேண்டும். இதற்குத்தான் நீர்வளத் திட்டமிடல் என்று பெயர். மேசைக்கு முன்னால் ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் வைத்திருந்தார்கள். அந்தத் தண்ணீர் எந்தத் திணைக்களத்துக்கு என்று தெரியவில்லை.

பொறியியலாளர் எழுந்து குளத்தின் மட்டத்தைச் சொன்னார். நல்ல மனிதர். மெலிந்தவர், களைத்த முகம். சிங்களவர், தமிழில் "தண்ணி இல்ல", "பிறகு வாங்க" இரண்டும் சுத்தமாகச் சொல்வார். குளத்து மதகான துருசு திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், தண்ணீர் மூடும் நாள் என்று மூன்று தேதியை வாசித்தார். விதைப்பு முடிக்கும் நாளைக் கேட்டபோது என் காதை நானே நம்பவில்லை. சித்திரைப் புத்தாண்டு முடிந்து இரண்டாம் நாள். அந்த நாளில் மேல் வட்டைச் சிங்களச் சனமும் தமிழ்ச் சனமும் புத்தாண்டுக் களிப்பில் இருப்பார்கள். நாங்கள் நோன்பின் கடைசிப் பத்தில், இரவெல்லாம் பள்ளிவாசலில் தொழுகையில் நின்றுவிட்டுப் பகலில் சுருண்டு கிடப்போம். மாவட்டம் முழுக்க ஒரு மனிசன் வயலில் இறங்க மாட்டான். அப்படிப்பட்ட ஒரு தேதியைப் பார்த்துத் தேடி எடுத்திருக்கிறார்களே!

அந்தத் தேதிக்குத்தான் என் கணவர் கையைத் தூக்கியது. அவர் மட்டுமில்லை. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று மண்டபமே கையைத் தூக்கிற்று. எங்கள் மாவட்டத்தில் மூன்று இனமும் ஒற்றுமையாகச் செய்த காரியம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

"காக்கா, இந்தத் தேதிக்கி நாம விதைப்பமா?" என்று குனிந்து கேட்டேன்.

"நோன்புப் பெருநாளைக்குப் பொறகுதான் டீச்சர் விதைப்பம். அவருக்கும் அது தெரியும்."

"பின்ன ஏன் அந்தத் தேதி?"

"இந்தத் தேதியப் போட்டாத்தான் பெருநாளைக்குப் பொறகாவது விதைப்பம். பெருநாளைக்குப் பொறகு ஒரு தேதியப் போட்டா நாம ஹஜ்ஜுப் பெருநாளைக்குத்தான் விதைப்பம்."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. அவருக்கு இது சூரியன் கிழக்கே உதிப்பதுபோல ஒரு விஷயம்.

பிறகு ஒவ்வொரு வட்டையாக எழுந்து, மூடும் தேதியைத் தள்ளச் சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள். ஒரு மாதம், ஒரு மாதம், ஒன்றரை மாதம். காரணம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். ஒருவர் யானையைச் சொன்னார். ஒருவர் உழவு மெசினைச் சொன்னார். இன்னொருவர் தன் வட்டையின் மண் மற்ற மண்ணைவிட ஆற அமரத்தான் தண்ணீர் குடிக்கும் என்றார். நோன்பு, பெருநாள், புத்தாண்டு என்ற உண்மைக் காரணத்தை ஒருவர்கூட வாயில் எடுக்கவில்லை. எடுத்தால், இப்போதுதானே அந்தத் தேதிக்குக் கை தூக்கினாய் என்று கேட்பார்களாம்.

எங்கள் முறை வந்ததும் நான் எழுந்தேன். சிங்களத்தில் சொன்னேன். "நாங்கள் இந்தத் தேதிக்கு விதைக்க மாட்டோம். பெருநாள் முடிந்துதான் விதைப்போம். எங்களுக்கு இரண்டு கிழமை மேலதிகமாகத் தண்ணீர் வேண்டும். அதற்கு மேல் வேண்டாம்."

மண்டபமே சிரித்தது. பொறியியலாளரும் சிரித்தார். "நல்லது டீச்சர்" என்று சொல்லி ஏதோ எழுதினார். காக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கோ ஒரே பெருமை. வரும்போது வேனில் யாரும் என்னோடு கதைக்கவில்லை. நோன்புக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

முடிவு வந்தபோது எங்கள் வட்டைக்கு ஒரு கிழமை என்றிருந்தது.

பெருநாள் முடிந்து விதைத்தோம். பயிர் சொல்லி வைத்ததுபோல வந்தது. அப்படியொரு பச்சையை நான் சில வருஷங்களாகப் பார்க்கவில்லை. கதிர் வெளியே வந்து பால் பிடிக்கத் தொடங்கிய நேரம் வாய்க்காலில் தண்ணீர் குறைந்தது. பிறகு நின்றது. வயலில் ஈரம் போய், வரம்போரம் வெடிக்கத் தொடங்கிற்று. ஒரு மணியை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் கொஞ்சமாகப் பால் கசிந்தது. இன்னும் ஒரு கிழமை, ஒரே ஒரு கிழமைத் தண்ணீர் நின்றால் அந்தப் பால் அரிசியாகும். என் கணவர் தண்ணீர் மெசினை இரவல் வாங்கிக்கொண்டு வந்து வடிச்சல் வாய்க்காலில் குழாயை இறக்கினார். முதலில் ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். துப்பினார். களப்பிலிருந்து உப்புத் தண்ணீர் ஏறியிருந்தது. மெசினைத் திரும்பத் தூக்கி லாண்ட் மாஸ்டர் வண்டியில் ஏற்றும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த நாள் காலையிலேயே காக்காவையும் அவரையும் கூட்டிக்கொண்டு பொறியியலாளரின் கந்தோருக்குப் போனேன். சுவரில் வாய்க்கால்களின் வரைபடம் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருந்தது. நீலக் கோடுகள் கிளை கிளையாக இறங்கி வந்து, எங்கள் வட்டை வரவேண்டிய இடத்தில் சட்டத்தின் மரத்துக்குள்ளே போய்விட்டன. இதைக் கண்டதும் எனக்கு இருந்த கோபம் இரட்டித்துவிட்டது.

"இரண்டு கிழமை கேட்டேன். ஏன் ஒரு கிழமை தந்தீர்கள்?" என்றேன்.

"எல்லாருக்கும் பாதிதான் டீச்சர்."

"மற்றவர்கள் இரண்டு மடங்காகக் கேட்டார்கள். நான் தேவையானதைக் கேட்டேன்."

அவர் பேனையை மூடி வைத்தார். "நான் மேலே எவ்வளவு கேட்டேன் தெரியுமா? குளத்தில் இவ்வளவு நாள் துருசு திறந்திருக்க வேண்டும் என்று கொழும்புக்கு எழுதினால், அவர்களும் பாதிதான் தருவார்கள். மின்சாரக்காரரும் குடிதண்ணீர்க்காரரும் எனக்கு மேலாலே கேட்கிறார்கள். அதனால் நானும் கூட்டித்தான் எழுதுகிறேன். நீங்கள் கேட்டதையெல்லாம் அப்படியே கொடுத்தால் ஆனி மாதத்தில் குளத்துக்குள் கிரிக்கெட் விளையாடலாம்."

"ஆனால் நான் சொன்னது உண்மை."

அவர் என்னை உண்மையிலேயே வருத்தத்தோடு பார்த்தார். "அது உண்மை என்று நீங்கள் எனக்கு முன்னமே சொல்லியிருக்கலாமே, டீச்சர்!"

பக்கத்தில் நின்ற காக்கா "என்ன செல்றாரு?" என்று கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை.

துருசு மூடியாயிற்று, இனி ஒரு வட்டைக்காகத் திறக்க வேண்டுமென்றால் அந்த மேசையில் இருந்த அத்தனை பேரும் மறுபடி கூட வேண்டும் என்றார். கூடுவதற்குள் பயிர் வைக்கோலாகிவிடும் என்றும் அவரே சொன்னார். தேநீர் தந்து அனுப்பினார்.

வெட்டு மெசின் வந்து அறுத்தபோது பின்பக்கம் பதர் புகையாகப் பறந்தது. மெசின்காரன், "டீச்சர், நெல்லு முன்னுக்கு வருதா பின்னுக்குப் போகுதா எண்டு தெரியல்ல," என்றான். அவன் வாயை என்னால் மூட முடியாது. அந்த வருஷம் நாங்கள் கடையில் அரிசி வாங்கினோம். வயல் இருந்தும் கடையில் அரிசி வாங்குவது எங்கள் ஊரில் என்ன மானக்கேடு என்பது வயல்காரருக்குத்தான் தெரியும். கடைக்காரர் சாக்கை அவிழ்த்து, "மேல் வட்டை அரிசி டீச்சர், நல்லா வெளைஞ்சிருக்கி," என்றார். யானையையும் மெசினையும் சொல்லித் தண்ணீர் வாங்கியவர்களின் அரிசி. நன்றாகத்தான் இருந்தது.

ஊருக்கு ஒரு பகிடி கிடைத்துவிட்டது. சந்தியில் மீன் விற்கிறவர்கூட, "டீச்சர், இது விடியக் கரைக்கி வந்த மீன், மெய்யாச் செல்றன். நீங்க பாதியா நம்பினாலும் இது நேத்தய மீனாகாது," என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது. பொய் சொன்னவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லையே என்பதுதான் என் கோபம்.

இடையில் ஏதோ ஒரு உதவித் திட்டத்தின் ஆட்கள் வந்தார்கள். ஒருங்கிணைந்த நீர் முகாமைத்துவம் என்று பதாகை கட்டி, கடற்கரை ஹோட்டல் மண்டபத்தில் இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை. எங்களைக் குழு குழுவாகப் பிரித்து, ஆளுக்கொரு நிறப் பேனை தந்து, எங்கள் பிரச்சினையைப் பெரிய தாளில் மரமாக வரையச் சொன்னார்கள். வேர் காரணமாம், கிளை விளைவாம். நான் வேரில் "யாரும் யாரையும் நம்புவதில்லை" என்று எழுதினேன். பயிற்றுவிக்க வந்த பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "அன்ட்ரி, இது தொழில்நுட்பக் காரணம் இல்லையே, வாய்க்காலப் பத்தி ஏதாவது எழுதுங்க," என்றாள். அழித்துவிட்டு "மதகு பழுது" என்று எழுதினேன். கைதட்டினார்கள். மத்தியானம் புரியாணி.

அடுத்த சிறுபோகக் கூட்டம் வந்தபோது எங்கள் அமைப்பில் என்னை அனுப்ப யாருக்கும் விருப்பமில்லை. அதைக் காக்காவால் என் முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை. "டீச்சருக்கு அலைச்சல்" என்று சுற்றி வளைத்தார். நான் விடவில்லை. வயல் என் பெயரில் இருக்கிறது, நான் வருவேன் என்றேன். அந்த வருஷம் நோன்பும் பெருநாளும் விதைப்புத் தேதிக்கு முன்னாலேயே வந்து போய்விடும். ஆனால் வாய்க்கால் துப்புரவு பிந்திவிட்டதால் எங்கள் வட்டைக்கு மறுபடியும் அதே இரண்டு கிழமை தேவைப்பட்டது. வேனில் யாரும் எனக்குக் கணக்குச் சொல்லித்தர வரவில்லை. காக்காவும் என் கணவரும் பின் ஆசனத்தில் இருந்து குசுகுசுத்துக்கொண்டு வந்தார்கள். அரசியல் கதைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மண்டபத்தில் எங்கள் முறை வந்ததும் எழுந்தேன். முதல் வருஷம் நின்றதைவிட நேராக நின்றேன்.

"சேர், எங்களுக்கு இரண்டு கிழமை வேண்டும். போன வருஷம் நீங்கள் சொன்னபடி இந்த முறை முன்னமே சொல்கிறேன்: இது உண்மை. இதில் பாதியாக்க எதுவும் இல்லை. போன வருஷம் நீங்கள் பாதியாக்கியதால் எங்கள் வட்டை பதர் அறுத்தது. சந்தேகமென்றால் வந்து எங்கள் வயலில் நின்று பாருங்கள்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பொறியியலாளர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "சரி டீச்சர்" என்றார். எழுதினார். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது என்று நான் சத்தியம் பண்ணுவேன். கூட்டம் முடிந்ததும் தலை வலித்ததால் நேரே போய் வேனில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டேன். மற்றவர்கள் வரச் சுணங்கினார்கள்.

முடிவில் எங்கள் வட்டைக்கு இரண்டு கிழமை என்று இருந்தது. சொன்னால் சொன்னபடி தண்ணீர் வந்தது. பால் பிடித்த கதிர் முற்றித் தலை சாய்கிற வரைக்கும் வாய்க்கால் நிறைய ஓடிற்று. அறுவடையன்று மெசின்காரன் வாயைத் திறக்கவில்லை. சாக்குப் போதாமல் மருமகனின் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சாக்கு எடுத்தோம். நான் வரம்பில் நின்று அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். நெல்லுக்காக மட்டுமில்லை. உண்மையைச் சொல்லி இந்த நாட்டில் ஒரு காரியம் நடந்துவிட்டதே என்ற சந்தோஷம். அதை நான் அடக்கிக்கொண்டு இருக்கவுமில்லை. கலியாண வீட்டில் சொன்னேன், கந்தூரியில் சொன்னேன், என்னிடம் படித்த பிள்ளைகளைத் தெருவில் நிறுத்திச் சொன்னேன். மீன்காரரிடம் இரண்டு முறை சொன்னேன்.

புதுநெல்லைக் குத்தி முதல் சோறு ஆக்கிய அன்று மத்தியானம் என் கணவருக்குச் சோறு போட்டுவிட்டு, தொலைபேசியில் என் தங்கச்சியிடம் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நான் தொலைபேசியை வைத்ததும், "இஞ்ச, இனி அந்தக் கதைய ஊரெல்லாம் கதைச்சித் திரியாத," என்றார்.

"ஏன், பொய்யா?"

"பொய்யில்ல. அண்டைக்கி நீ வேன்ல ஏறினாப் பொறகு நானும் காக்காவும் இஞ்சினியர்ட்டப் போனம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னத்துக்கு?"

"டீச்சர் சபைக்கு முன்னால வெக்கப்பட்டுக் கொறைச்சிக் கேட்டுட்டா, எங்களுக்கு மெய்யா ஒரு மாசம் வேணும் எண்டு செல்லத்தான்."

"ஒங்களுக்குத்தான் சிங்களம் தெரியாதே!"

"ஒரு வெரலக் காட்டி 'மாசயக்' எண்டன். அது செல்ல எனக்குத் தெரியாதா?"

முப்பது வருஷம் நான் படிப்பித்த மொழியில் அந்த மனிசனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். அதுவும் இதற்காகத்தான் தெரிந்திருக்கிறது.

"அவர் என்ன சொன்னாரு?"

"ஒண்டும் செல்லல்ல. சிரிச்சிட்டு எழுதினாரு. நீ ஏன் இப்ப முகத்த நீட்டுறா? தண்ணி வந்திச்சா இல்லையா? வெளைஞ்சிச்சா இல்லையா?"

வந்தது. விளைந்தது. அதை இல்லையென்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் பாட்டுக்குக் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். நல்ல சோறு, மணியும் பெரிசு. நானும் சோற்றுக் கோப்பையை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன், கை போகவில்லை. அந்த இரண்டு கிழமையை அந்தப் பொறியியலாளர் என்னை நம்பி எழுதினாரா, இவர்கள் கேட்டதைப் பாதியாக்கி எழுதினாரா? இதைத்தான் அன்று முழுக்க நினைத்தேன். இன்றைக்கும் நினைக்கிறேன்.

கந்தோர் தூரமில்லை, போய்க் கேட்கலாம். பண்பான மனிதர், என் மனம் நோகப் பேசமாட்டார். "உங்களை நம்பித்தான் எழுதினேன் டீச்சர்" என்றுதான் சொல்வார். அதை நான் நம்பப் போவதில்லை.